சங்கிலியின் கடைசி வளையம்

படகுத்துறையில் அவரைப் பாகத்தார் என்பார்கள். முழுப் பட்டம் ‘முப்பது பாகம்’. இரண்டு கைகளையும் விரித்தால் ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனி வரை வருவது ஒரு பாகம். கயிறும் சங்கிலியும் கடலின் ஆழமும் அங்கே அந்தக் கணக்கில்தான் ஓடும். அளவில் கறாரான மனிதர், அதனால் வந்த பெயர் போலிருக்கிறது என்று புதிதாக வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். பழைய ஆட்கள் அவர்களைத் திருத்தவில்லை, சிரிப்பை மட்டும் அடக்கிக்கொண்டார்கள்.

நடந்தது இதுதான். அவருக்கு இருபத்திரண்டு வயது. பாய்மரப் படகு ஒன்றில் முதல் நாள் வேலை. முதலாளி, அவர் குடும்பம், விருந்தாளிகள் என்று மேல்தளம் நிறைய ஆட்கள். நங்கூரத்தைப் போடு என்றார் முதலாளி. இவர் போட்டார். சங்கிலி கடகடவென்று ஓடியது. ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது, கடைசியில் அதன் வால் மேல்தளத்துக் குழாயிலிருந்து துள்ளி வெளியே வந்து, எல்லார் கண் முன்பாகவும் தண்ணீருக்குள் போய்விட்டது. முனையைப் படகோடு கட்ட வேண்டும் என்று தெரியும், காலையில் கட்ட நினைத்திருந்தார், வேறு வேலை வந்து மறந்துபோயிற்று. அதே படகில் இயந்திரம் பார்க்க வந்திருந்த டீசல்காரர், அப்போது அவரும் இளவட்டம், எட்டிப் பார்த்துவிட்டு, “முப்பது பாகம் போச்சு” என்றார். சாயங்காலத்துக்குள் அது பெயராகிவிட்டது.

அதற்குப் பிறகு அவர் கட்டிய எதுவும் அவிழ்ந்ததில்லை. அவிழ்க்கவும் முடிந்ததில்லை. சர்க்கரை டப்பா மூடிக்கு ஒரு கயிறு, மூக்குக்கண்ணாடிக்கு ஒரு கயிறு, சாவிக்கு ஒரு கயிறு, அந்தக் கயிற்றை மாட்ட ஒரு ஆணி, ஆணி கழன்றுவிடாமல் அதன்மேல் இன்னொரு ஆணி. கல்யாணமான புதிதில் மனைவியின் தகரப் பெட்டியைப் பஸ் கூரையில் கட்டியவரும் அவர்தான். இறங்குமிடத்தில் கண்டக்டர் பல்லால் கடித்துப் பார்த்தும் முடிச்சு அசையவில்லை. பெட்டி அடுத்த ஊருக்குப் போய்த் திரும்பி வந்தது. “என்னையும் அப்படித்தான் கட்டிக்கிட்டாரு, கத்தி வச்சாத்தான் உண்டு” என்று அவர் மனைவி பட்டறையில் சொல்லிச் சிரிப்பாள்.

மனைவிக்குப் படகுப் பட்டறையில் பாய் தைக்கும் வேலை. நீளக் கொட்டகை, தரையோடு தரையாகப் பதித்த தையல் இயந்திரம், சுற்றிலும் விரித்த துணி. மெலிந்த உடம்பு, ஆனால் முப்பது வருஷம் தடித்த பாய்த் துணியை இழுத்து இழுத்து மணிக்கட்டு இரண்டும் மரக்கட்டை மாதிரி இருக்கும். இவருக்கோ ஊரார் படகுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வருஷத்துக்கு இரண்டு முறை வந்துபோகும் முதலாளிகள் பதினொரு பேர். பதினொரு படகும் அந்த உப்பங்கழியில், அலையைத் தடுக்கக் கருங்கல் அடுக்கிய கல்கட்டுக்கு உள்ளே, நங்கூரத்தில் நிற்கும். பன்னிரண்டாவது இவர்களுடையது. யாரோ கைவிட்டுப்போன ஓட்டைப் படகை ஆறு வருஷம், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக அடைத்து, இழைத்து, வண்ணம் பூசி எடுத்தார்கள். மகள் வேலை கிடைத்துத் தனியாகப் போனதும் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுப் படகிலேயே குடியேறிவிட்டார்கள். அது ஆயிற்று பதினான்கு வருஷம். உட்கார்ந்துகொண்டுதான் சமைக்க முடிகிற அடுப்படி. தலைமாடு அகலமாகவும் கால்மாடு குறுகலாகவும் இருக்கும் படுக்கை. சுவரில் மகளின் பள்ளிக்கூடப் படம், நாலு மூலையிலும் திருகாணி போட்டு முடுக்கியது.

நங்கூரச் சங்கிலி விஷயத்தில் படகுக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சங்கிலியின் உள்முனையைக் கட்டத்தான் வேண்டும், ஆனால் இரும்பால் பூட்டக் கூடாது. கயிற்றால் கட்ட வேண்டும். அந்தக் கயிறு மேல்தளம் வரை எட்டும் நீளம் இருக்க வேண்டும், பக்கத்தில் ஒரு கத்தியும் இருக்க வேண்டும். என்றாவது ஒரு நாள் சங்கிலியை விட்டுவிட்டு ஓட வேண்டி வந்தால், ஒரே வெட்டில் விடுபட வேண்டும் என்பதற்காக. பாகத்தார் தன் பொறுப்பிலிருந்த பதினொரு படகிலும் அப்படித்தான் செய்திருந்தார். வருஷத்துக்கு ஒருமுறை கயிற்றை மாற்றுவார், கத்தியைத் தீட்டி உறையில் போடுவார்.

தன் சொந்தப் படகில் மட்டும் செய்யவில்லை. அங்கே முப்பத்தைந்து பாகம் சங்கிலி. தேவைக்கு மேலேயே ஐந்து பாகம் கூட. அதன் கடைசி வளையத்தைப் படகின் முன்முனையில் பதித்த இரும்புக் கண்ணோடு ஒரு ஷாக்கிளால், அதாவது லாடம் போல வளைந்த இரும்புப் பூட்டால், மாட்டியிருந்தார். பூட்டின் ஆணியை முறுக்கி, கம்பி சுற்றி, அதன் தலையைச் சுத்தியலால் அடித்துத் தட்டையாக்கியும் விட்டார். இனி அதைத் திறக்க வழியில்லை. அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

சங்கிலி சுருண்டு கிடக்கும் பெட்டி முன்னறைக்கும் அப்பால், மூக்கு நுனியில் இருந்தது. அதன் வாய் ஒரு தலையணை அகலம். பாகத்தாரின் தோள் அதில் நுழையாது. ஒரு கையை மட்டும் விடலாம். வருஷா வருஷம் உள்ளே ஊர்ந்துபோய்த் துரு சுரண்டுவது மனைவிதான். ஒவ்வொரு முறையும் உள்ளேயிருந்து குரல் வரும், இதுக்கும் ஒரு கயித்தப் போட்டுடலாமே என்று. அடுத்த வருஷம் பாப்போம் என்பார் இவர். அவளும் விட்டுவிடுவாள். முப்பது பாகம் என்ற சொல்லை அவள் ஒரு நாளும் வீட்டுக்குள் சொன்னதில்லை.

புயல் வருகிறது என்று ரேடியோ சொன்னது ஒரு வியாழக்கிழமை. மறுநாள் விடியலில் கரையைத் தொடும், படகுகளில் யாரும் தங்கக் கூடாது, மாலை ஆறு மணிக்குள் எல்லாரும் கரையேறிவிட வேண்டும் என்று துறையில் அறிவிப்பு. மருந்துக் கடையில் வேலை செய்யும் மகள், தன் மூன்றாம் மாடி வீட்டில் கட்டிலை ஒதுக்கிவிட்டு ஐந்து முறை போன் செய்தாள். ஆறு மணிக்குள் வந்துவிடுவதாக ஐந்து முறையும் இவர் வாக்குக் கொடுத்தார்.

காலை ஆறரைக்கே சின்னத் துடுப்புப் படகை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒவ்வொரு படகிலும் பாயைக் கழற்றி உள்ளே போட வேண்டும். காற்றில் பறக்கக்கூடியது எல்லாவற்றையும் கட்ட வேண்டும். புயலில் கயிறு இழுவையால் அறுவதில்லை, உராய்வால்தான் அறும். ஆகவே கயிறு படகின் விளிம்பில் படுகிற இடத்திலெல்லாம் பழைய தீயணைப்புக் குழாயை வெட்டி உறை மாதிரி மாட்ட வேண்டும். ஒரு படகை முடித்து அடுத்ததற்குப் போன பிறகு, முந்தியதில் ஒரு முடிச்சு சரியாக விழவில்லையோ என்று சந்தேகம் வரும். திரும்பிப் போய்ப் பார்ப்பார். சரியாகத்தான் இருக்கும். இருந்தாலும் அதன்மேல் இன்னொன்று போட்டுவிட்டு வருவார். இப்படி நாலு முறை.

கடைசியாகக் கண் டாக்டரின் படகு. பதினொன்றிலும் பெரியது, இவர்கள் படகைப் போல மூன்று மடங்கு கனம். அந்தக் கனத்துக்கு அதன் நங்கூரம் பொம்மை மாதிரி. பெரிதாக மாற்றுங்கள் என்று இரண்டு வருஷமாகச் சொல்லி வருகிறார். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்பார் டாக்டர். அதன் சாமான் பெட்டிச் சாவி டாக்டரோடு எங்கோ தூரதேசத்தில் இருந்தது. பாகத்தார் போல்ட் கட்டரால் பூட்டைக் கடித்து எடுத்து, உள்ளே இருந்த கயிறுகளையெல்லாம் இழுத்துப் போட்டுப் பார்த்தார். போதாது. மணி ஐந்து. தன் படகுக்குத் துடுப்புப் போட்டுப் போய், அங்கே இருந்த இரண்டாவது நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து டாக்டர் படகுக்குப் போட்டுக் கட்டினார்.

வேலை முடிந்து தன் படகில் ஏறியபோது தண்ணீரின் மேல் வெள்ளை வெள்ளையாக நுரை கிளம்பிவிட்டது. தையல் இயந்திரத்துக்கு உறை போட்டுவிட்டு நாலு மணிக்கே வந்து, துணிப் பையும் மருந்துப் பையும் மடியில் வைத்துக் காத்திருந்தாள் மனைவி. இரண்டு பேரும் இறங்கலாம் என்று பார்க்கும்போது, பின்னால் கட்டியிருந்த துடுப்புப் படகு காகிதம் மாதிரி எழும்பி, குப்புற விழுந்தது. கரைக்குப் போக வேறு வழி இல்லை. அவள் பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய், பழையபடி அடுக்கத் தொடங்கினாள்.

“நம்மளத் தவிர எல்லாப் படகும் பத்திரம்” என்றாள். கோபமில்லை. அதுதான் அவருக்குச் சுருக்கென்றது.

மகளுக்குப் போனில் விஷயத்தைச் சொன்னதும் அவள்தான். அப்பாவிடம் கொடு என்றாள்.

“அப்பா, கட்டினதெல்லாம் கெட்டியா இருக்கா?”

“இருக்கும்மா.”

“அப்ப அம்மாவையும் எங்கயாச்சும் சேத்துக் கட்டிடுங்க” என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

ராத்திரி இருவரும் கண் மூடியதாகப் பேர். விடிந்தபோது விடிந்தது என்பதற்கு அடையாளம், வெளியே கறுப்பு சாம்பலானது ஒன்றுதான். மழை மேலிருந்து விழவில்லை, பக்கவாட்டில் வந்தது. காற்றின் சத்தம் ஒரே குரலாக இல்லை. பாய்மரத்தில் ஒன்று, கம்பிகளில் ஒன்று, ஜன்னல் இடுக்கில் ஒன்று என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். படகு மூக்கைத் தூக்கும், ஒரு பக்கமாக ஓடும், சங்கிலி வெடுக்கென்று இழுத்து நிறுத்தும், மறுபக்கம் ஓடும்.

அந்த வெடுக்கைத் தாங்கத்தான் சங்கிலியோடு ஒரு தாங்கு கயிறு கட்டியிருந்தது. அரை மணிக்கு ஒருமுறை பாகத்தார் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு முன்முனைக்குத் தவழ்ந்து போவார். தாங்கு கயிற்றை ஒரு சாண் வெளியே விடுவார். உராய்கிற இடம் மாறினால் கயிறு பிழைக்கும். ஒரு சாண்தான், இரண்டு விட்டால் சீக்கிரம் தீர்ந்துபோகும். திரும்பி வந்து ஈரத்தோடு உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்ப்பார். மனைவி ஃப்ளாஸ்கிலிருந்து தேநீரை மூடியில் பாதி மட்டும் ஊற்றிக் கொடுப்பாள். முழுதாக ஊற்றினால் மீதி சட்டைக்கு.

ஏழு மணி வாக்கில், அவர் முன்முனைக்குப் போகக் கிளம்பும்போது, தாங்கு கயிறு துப்பாக்கி வெடித்த மாதிரி அறுந்தது. பாரம் முழுக்கச் சங்கிலியைப் பிடித்திருந்த வின்ச்சின், அந்தப் பல்சக்கர உருளையின், மேல் விழுந்தது. அதன் பல் உடைந்தது. சங்கிலி ஓடத் தொடங்கியது.

அந்தச் சத்தத்தை அவர் முப்பத்தெட்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கடகடகடவென்று, நிற்காமல், முன்னறையின் பலகையெல்லாம் அதிர. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் அவருக்கே தெரிந்தது. இருபது, இருபத்தைந்து, முப்பது. பிறகு ஒரு இடி. இரண்டு பேரும் நின்ற இடத்திலிருந்து தூக்கியெறியப்பட்டு விழுந்தார்கள். படகு மூக்கைக் காற்றுக்குத் திருப்பி நின்றது. கடைசி வளையம் பிடித்துக்கொண்டது.

பாகத்தார் தரையில் உட்கார்ந்தபடியே சிரித்தார். அவள் அவரை அப்படிச் சிரித்துப் பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது.

“பாத்தியா?”

“பாத்தேன். பல்லு ஒண்ணு ஆடுது” என்றாள் அவள், தாடையைத் தடவிக்கொண்டு.

கயிறாக இருந்திருந்தால் இந்த வெடுக்குக்கு அறுந்திருக்கும் என்று விளக்கினார். ஆணித் தலையை எத்தனை அடி அடித்தார், என்ன கம்பி சுற்றினார் என்பதையும் சொன்னார். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். இந்த மனிதர் பேசட்டும் என்று இருந்தது அவளுக்கு.

எட்டரைக்குக் காற்று திசை மாறியது. இதுவரை கரையிலிருந்து அடித்தது, இப்போது கழியின் வாய் வழியாக உள்ளே நுழைந்து, எல்லாப் படகுகளையும் கல்கட்டுப் பக்கம் தள்ளியது. பாகத்தார் ஜன்னல் வழியாக இரண்டு அடையாளங்களைப் பிடித்து வைத்திருந்தார்: கல்கட்டின் நுனியில் விளக்குக் கம்பம், அதற்குப் பின்னால் கரையில் ஒரு கிடங்கின் பச்சைக் கதவு. இரண்டும் ஒரே கோட்டில் இருக்கும்வரை படகு நகரவில்லை என்று அர்த்தம். கதவு கம்பத்தின் பின்னால் நேராக இருந்தது. திருப்தி.

அப்போது மழைத் திரைக்குள்ளிருந்து ஒரு பெரிய வெள்ளைச் சுவர் வந்தது. டாக்டரின் படகு. அதன் இரண்டு நங்கூரமும் சேற்றை உழுதுகொண்டு வந்து, இவர்கள் சங்கிலியில் குறுக்கே விழுந்து கொக்கி போட்டுக்கொண்டன. பெரிய படகு இவர்களைத் தாண்டிப் போய், வெடுக்கென்று நின்று, பக்கவாட்டில் ஆடி வந்து ஒரு மோது மோதியது. சுவரில் மகளின் படம் அசையவில்லை. அலமாரியில் இருந்த மற்றதெல்லாம் கீழே வந்தது.

இப்போது மூன்று மடங்கு கனமும் இவர்களின் ஒற்றை நங்கூரத்தில் தொங்கியது. பாகத்தார் ஜன்னலைப் பார்த்தார். பச்சைக் கதவு கம்பத்தின் வலப்பக்கம் எட்டிப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் முழுக் கதவும் தெரிந்தது. கல்கட்டு இருநூறு அடி பின்னால். கருங்கல், ஒவ்வொன்றும் ஒரு பீரோ அளவு.

இயந்திரத்தை முடுக்கி முழு வேகம் கொடுத்துப் பார்த்தார். கட்டிப்போட்ட மாடு மாதிரி படகு அதே இடத்தில் திமிறியது. வழி ஒன்று இருந்தது. கல்கட்டு முடிகிற இடத்துக்கு அந்தப் பக்கம் சேற்றுத் திட்டு. மெத்து மெத்தென்ற சேறு. சங்கிலியை விட்டுவிட்டால் இயந்திரத்தை வைத்துக்கொண்டு குறுக்கே ஓடிப்போய்ச் சேற்றில் ஏற்றிவிடலாம். சங்கிலியை விட்டுவிட்டால்.

வின்ச் உடைந்து கிடந்தது. சங்கிலியில் உள்ளே மிச்சம் ஒன்றும் இல்லை. பதினொரு படகிலும் ஒரே கத்தி வெட்டு. இங்கே இரும்பு.

“போல்ட் கட்டர் எங்க?” என்று கேட்டாள் அவள்.

அவர் ஜன்னலுக்கு வெளியே, பத்தடி தூரத்தில் எழும்பி விழுந்துகொண்டிருந்த டாக்டர் படகைப் பார்த்தார். அங்கேதான், பின்னிருக்கையில், பூட்டைக் கடித்தபின் வைத்த இடத்திலேயே இருந்தது.

“போய்க் கேட்டு வாங்கிட்டு வாங்க” என்றாள்.

பிறகு அவளே கருவிப் பெட்டியைக் கவிழ்த்தாள். இரும்பு அறுக்கும் ஹாக்ஸா வாள் ஒன்று, மூன்று பிளேடு. மேல்தளத்தில் நின்று அறுப்பது நடக்காத காரியம். முன்முனை மூச்சுக்கு ஒருமுறை தண்ணீருக்குள் போய் வந்தது. அறுத்தால் உள்ளே, சங்கிலிப் பெட்டிக்குள்தான் அறுக்க வேண்டும். அந்தத் தலையணை அகல வாய்க்குள் போகிற உடம்பு படகில் ஒன்றே ஒன்றுதான். அவர் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அவள் முன்னறைக்குப் போய், தலையை விட்டு, ஒரு தோளைச் சாய்த்து, மறு தோளை இழுத்து உள்ளே போய்விட்டாள்.

பாகத்தார் சுக்கானை ஒரு பக்கமாகக் கட்டிவிட்டு வந்து, வாயருகே மண்டியிட்டு டார்ச் பிடித்தார். உள்ளே அவள் பக்கவாட்டில் படுத்திருந்தாள். அவள் முகத்துக்கு ஒரு முழம் தள்ளிச் சங்கிலி கம்பி மாதிரி விறைத்து நின்றது. படகு இழுபடும்போதெல்லாம் இரும்பு முனகியது. ஷாக்கிள் தடிமன் அதிகம், கடைசிக்கு முந்திய வளையத்தை அறு என்று சொல்லிக் கொடுத்தார். அவசரப்படாதே, நீளமாக இழு, போகும்போது அழுத்து, வரும்போது விடு என்றார். அவள் சரி சரி என்றாள்.

முதல் பிளேடு பத்து நிமிஷம் தாங்கியது. டாக்டர் படகு இன்னொரு முறை மோதியபோது இரண்டாக ஒடிந்தது. இரண்டாவதை அவர் மாட்டிக் கொடுத்தார், அவசரத்தில் பல்லைத் தலைகீழாக. அவளே திருப்பி மாட்டிக்கொண்டாள். இரும்புத் தூள் அவள் கன்னத்திலும் நெற்றியிலும் வியர்வையோடு ஒட்டிப் பளபளத்தது.

“நான்தான் இதப் பண்ணினேன்” என்றார் அவர். டார்ச் வெளிச்சம் ஆடியது.

“வெளிச்சத்தக் காட்டுங்க.”

“வருஷா வருஷம் நீ சொன்ன. கயித்தப் போடுன்னு.”

“ஆமா சொன்னேன்.” வாள் போயிற்று, வந்தது. “நீங்க டாக்டர்கிட்ட வருஷா வருஷம் சொன்னீங்க. நீங்க அந்தாளத் திட்டினீங்களா? கொஞ்சம் மேல காட்டுங்க.”

இரண்டாவது பிளேடு பாதி வளையத்தைத் தாண்டியதும் மழுங்கிப்போயிற்று. மூன்றாவதை மாட்டுவதற்கு முன் பாகத்தார் ஓடிப்போய் ஜன்னலைப் பார்த்துவிட்டு வந்தார். இப்போது பச்சைக் கதவும் தெரிந்தது, கிடங்கின் சுவரும் தெரிந்தது, பக்கத்துக் கட்டடத்தின் படிக்கட்டும் தெரிந்தது. எண்பது அடி இருக்கலாம். மூன்றாவது பிளேடை மாட்டிக் கொடுத்தார். 

வளையத்தில் கால் பங்கு மிச்சம் இருக்கும்போது சங்கிலியின் முனகல் மாறியது. கீச்சென்று, பல்லைக் கடிக்கிற சத்தம். அது என்ன சத்தம் என்று பாகத்தாருக்குத் தெரியும். அறுந்த நொடியில் இவ்வளவு பாரமும் சாட்டை மாதிரி சுழன்றுகொண்டு குழாய் வழியே மேலே போகும். வழியில் எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு போகும்.

“வெளிய வா.”

“இன்னும் கொஞ்சம்தான்.”

“போதும், வெளிய வா. நீ போய் சுக்கானப் புடி. மிச்சத்த நான் பாத்துக்கறேன்.”

“உங்களுக்கு எட்டாது.”

“எட்டும்” என்று சொல்லிவிட்டு அவள் கணுக்காலைப் பிடித்து இழுத்தார். அவள் தோள் பெட்டியின் வாயில் சிராய்த்து, தோல் உரிந்து வெளியே வந்தது.  கல்கட்டு நுனியைத் தாண்டியதும் சுக்கானை இடப்பக்கம் ஒடி, சேறு தட்டும் வரைக்கும் வேகத்தைக் குறைக்காதே என்றார் அவர். அவள் முகத்தைத் துடைக்காமலே ஓடினாள்.

பாகத்தார் பலகையில் கன்னத்தை வைத்து, பெட்டியின் வாய்க்குள் வலது கையைத் தோள் வரை விட்டார். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, விரல்தான் கண். சங்கிலியைத் தொட்டு, அவள் அறுத்த வெட்டைத் தேடிக் கண்டுபிடித்து, பிளேடை அதில் உட்கார வைத்தார். வெட்டு நேராக, ஒரே கோடாக இருந்தது. அவள் துணி கத்தரிப்பது மாதிரி. வாள் போகிற தூரம் நாலு விரற்கடைதான். எண்ணாமல் அறுத்தார். இழுத்து இழுத்து மூச்சு விட்டார். இது போகட்டும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக நினைத்தார். போய்த் தொலையட்டும், இந்தச் சனியன் போகட்டும்.

போயிற்று. சத்தம் கேட்டதா இல்லையா என்று அவருக்கு நினைவில்லை. கையை யாரோ உதறிய மாதிரி இருந்தது. வெளியே எடுத்துப் பார்த்தபோது இரண்டு விரல்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. அதற்குள் படகு விடுபட்ட மாடு மாதிரி துள்ளிப் பக்கவாட்டில் ஓடியது. அவர் தவழ்ந்து பின்பக்கம் வந்தபோது, மனைவி சுக்கானைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, மழையில் கண்ணைச் சுருக்கி, துணியில் கோடு போட்ட இடத்தில் ஊசி ஓட்டுகிற முகத்தோடு நின்றாள். கல்கட்டின் கடைசிக் கல் கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் போயிற்று. அவள் இடப்பக்கம் ஒடித்தாள். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் படகு பெருமூச்சு விட்டது மாதிரி சேற்றில் ஏறி, மெதுவாகச் சாய்ந்து, நின்றுவிட்டது.

அப்படியே சாய்ந்துதான் பதினொரு நாள் நின்றது. பெரிய கடல் பெருக்கு வந்து தூக்கும் வரை படகுக்குள் சுவரில் பாதியும் தரையில் பாதியுமாக நடந்தார்கள். புயல் ஓய்ந்த மறுநாளே மகள் முழங்கால் சேற்றில் இறங்கி வந்து, அப்பாவின் விரல் கட்டைப் பார்த்தாள், அம்மாவின் தோளைப் பார்த்தாள், பிறகு உள்ளே போய் யாரிடமும் பேசாமல் கீழே கிடந்த பாத்திரங்களை எடுத்து அடுக்கத் தொடங்கினாள். சாய்ந்த அலமாரியிலிருந்து அவை திரும்பத் திரும்ப விழுந்தன. மூன்றாவது முறை விழுந்தபோதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது, அதோடு சேர்ந்து அழுகையும்.

பதினொரு படகும் பிழைத்தன. டாக்டரின் படகு கல்கட்டுக்கு முப்பதடி முன்னால் நின்றுவிட்டது. இவர்கள் படகின் பாரம் விலகியதும், மூன்று நங்கூரமும் ஒன்றோடொன்று சிக்கிச் சேற்றைக் கவ்விக்கொண்டன. மூன்றில் இரண்டு இவருடையது. டாக்டர் போன் செய்து, என் படகு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். நன்றாக இருக்கிறது என்றார் பாகத்தார். நங்கூரத்தை இந்த வருஷம் மாற்றிவிடலாம் என்று டாக்டரே சொன்னார். சரிங்க என்றார் இவர். 

முக்குளிப்பவர்கள் சங்கிலியை எடுத்துக் கொடுத்ததும், கட்டுப் போட்ட கையோடு பாகத்தார் ஒரு புதுக் கயிற்றை வெட்டி மனைவியிடம் கொடுத்தார். அவள் பெட்டிக்குள் ஊர்ந்துபோய்க் கடைசி வளையத்தையும் இரும்புக் கண்ணையும் சேர்த்துக் கட்டினாள். கயிறு மேல்தளம் எட்டுகிறதா என்று அவர் பார்த்தார். எட்டியது. பிறகு கத்தியை அவளிடம் நீட்டி, வெட்டு என்றார்.

“இப்பத்தானே கட்டினேன்?”

“வெட்டிப் பாரு. எத்தன வெட்டுல போகுதுன்னு தெரியணும்.”

இரண்டு வெட்டு. அவருக்குத் திருப்தியில்லை. கத்தியைத் தீட்டிக் கொடுத்து, வேறு கயிறு கட்டச் சொன்னார். ஒரே வெட்டு. சரி, இனி மூன்றாவது கயிறு போடு, அது இருக்கட்டும் என்றார்.

இயந்திரத்துக்குள் ஏறியிருந்த சேற்றைக் கழுவ வந்திருந்த டீசல்காரர், கை நிறைய எண்ணெயோடு இதையெல்லாம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் தலை நரைத்துவிட்டது. நாக்கு மட்டும் அப்படியே இருந்தது.

“என்ன முப்பது பாகம், ரெண்டாவது தடவையும் விட்டாச்சா? இனிமே உங்கள அறுபது பாகம்னு கூப்பிடணும்.”

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அந்தப் பேச்சு வந்தால் அவர் எழுந்து போய்விடுவார், இல்லையென்றால் ஏதாவது ஒரு முடிச்சை அவிழ்த்துத் திரும்பக் கட்டத் தொடங்குவார். இப்போது பாகத்தார் கட்டுப் போட்ட விரல்களை மடியில் வைத்துக்கொண்டு, தண்ணீரைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார்.

“அறுபத்தஞ்சு” என்றார். “இது முப்பத்தஞ்சு பாகம். அஞ்சு கூடப் போட்டிருந்தேன்.”